பேட்டரி இல்லாத ஃபைபர் சைட்: தேர்வு முதல் கம்பி மாற்றுவது வரை

அமெரிக்காவில் இப்போது துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால், ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்ப்புக் கருவி) பொருத்த வசதியாக, ஸ்லைடு எனும் மேலே முன்பின் நகரும் இரும்புப் பகுதி வெட்டப்பட்ட பிஸ்டலைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கையில் இருக்கும் பழைய பிஸ்டலில் டாட் வைக்க வேண்டுமென்றால் ஸ்லைடை மில்லிங்குக்கு (இயந்திரத்தில் குடைந்து இடம் வெட்டுவதற்கு) அனுப்ப வேண்டும். பிறகு டாட், அதை ஏற்றும் அடித்தட்டு, சரியான நீளத் திருகு, டாட் அணைந்தால் கைகொடுக்க உயரமான இரும்பு சைட் (குறிபார்க்கும் பாகம்), அவ்வப்போது ஒரு பேட்டரி. இத்தனைக்கும் செலவழிப்பதற்குள், குழாய் நுனிப் பக்கமுள்ள முன் சைட்டில் ஒளிரும் ஒரு ஃபைபர் கம்பியைப் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பது நியாயம்தான். யு.எஸ்.பி.எஸ்.ஏ., ஐ.பி.எஸ்.சி. என்ற அமைப்புகளின் துப்பாக்கி சுடும் போட்டிகளில் புரொடக்‌ஷன் பிரிவில் சுடுபவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அங்கே டாட்டுக்கு இடம் கிடையாது, ஃபைபருக்கு உண்டு.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். ஃபைபர் சைட் மலிவு விலை ரெட் டாட் அல்ல. அது சாதாரண இரும்பு சைட்தான், முன் பிளேடில் (முன் சைட்டின் நிமிர்ந்த தகட்டில்) ஒளிரும் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். ரெட் டாட்டில் புள்ளியும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் தெரியும். பார்வையை இலக்கில் வைத்தால் போதும், டாட் எங்கே நிற்கிறதோ குண்டு அங்கே போகும். ஃபைபரில் பின் சைட்டின் காடி (நடுப் பள்ளம்), முன் சைட்டின் மேல்விளிம்பு, இலக்கு என மூன்றையும் கோடு சேர்க்கும் வேலை அப்படியே இருக்கிறது. கம்பி செய்வது ஒன்றே ஒன்று: முன் சைட் எங்கே என்று கண் தேடும் நேரத்தைக் குறைக்கிறது. பகல் வெளிச்சத்தில் 15 யார்டுக்குள் வேகமாகச் சுடுபவருக்கு அதுவே பெரிய உதவி. அந்தி சாய்ந்த பிறகு அது வெறும் கறுப்பு சைட்.

கம்பி ஒளிரும் விதம்

இந்தக் கம்பி கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். நடுவே ஒளிர்சாயம் கலந்த பாலிஸ்டைரீன், வெளியே மெல்லிய அக்ரிலிக் உறை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைச் சாயம் உறிஞ்சி, சிவப்பாகவோ பச்சையாகவோ திருப்பி உமிழ்கிறது. நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் 1.59, உறையுடையது 1.49. இந்த வித்தியாசத்தால் உள்ளே பிறந்த ஒளியில் ஒரு பங்கு வெளியேற முடியாமல் சுவரில் மோதி மோதி இரு முனைகளுக்கும் போய்ச் சேர்கிறது. நம் கண்ணில் படுவது அதில் ஒரு முனை.

நடைமுறைக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் இதிலேயே இருக்கின்றன. ஒன்று, வெளிச்சத்தைச் சேகரிப்பது கம்பியின் பக்கம், முனை அல்ல. அதனால் கம்பியின் பக்கங்கள் எவ்வளவு நீளத்துக்குத் திறந்திருக்கின்றன என்று பார்த்து சைட்டை வாங்குங்கள். கம்பியைச் சுற்றி இரும்பை மூடி, மேலே மட்டும் சிறு சன்னல் விட்ட சைட் அடி தாங்கும், ஆனால் மங்கலாக இருக்கும். இரு பக்கமும் திறந்தது பளிச்சென்று இருக்கும், ஹோல்ஸ்டரில் (இடுப்பு உறையில்) உரசினால் கம்பி உடையும். போட்டிக்கு இரண்டாவது, இடுப்பில் தினமும் வைத்துக்கொள்ளும் பிஸ்டலுக்கு முதலாவது.

இரண்டாவது விஷயம், வெளிச்சம் விழ வேண்டியது இலக்கின் மீது அல்ல, உங்கள் கையில் இருக்கும் சைட்டின் மீது. உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் இலக்குப் பக்கம் விளக்கு பிரகாசமாக இருக்கும், நாம் நிற்கும் தடுப்புக்குள் இருட்டு. புதிதாக வாங்கிய ஃபைபர் அங்கே செத்துப்போனது போலத் தெரிந்தால் பொருளில் குறையில்லை. வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் பிறகு கடைக்காரரிடம் பேசலாம்.

எந்த அளவு, எந்த நிறம்

கம்பி பெரும்பாலும் இரண்டு தடிமனில் கிடைக்கும்: 0.040 அங்குலம், அதாவது 1 மி.மீ.; 0.060 அங்குலம், சுமார் 1.5 மி.மீ., ஒரு கடுகளவு. கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முன் சைட் ஏறக்குறைய 30 அங்குலம். அந்தத் தூரத்திலிருந்து பார்க்கும்போது 0.040 கம்பி 25 யார்டில் 1.2 அங்குலத்தை மறைக்கும், 0.060 கம்பி 1.8 அங்குலத்தை. ரெட் டாட்டின் புள்ளியை அளக்கும் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கில் சொன்னால் முறையே 4.6, 6.9 அளவு. பிளேடின் அகலத்தையும் இப்படியே கணக்கிடலாம். 0.125 அங்குல பிளேடு 25 யார்டில் 3.75 அங்குலத்தை மறைக்கும், 0.100 பிளேடு 3 அங்குலத்தை.

வெயிலில் சுடுபவர் பெரிய கம்பியை எடுப்பது வழக்கமான தவறு. நடுப்பகலில் 0.060 பச்சைக் கம்பி பூத்துப் பரவி, பிளேடின் மேல்விளிம்பையே விழுங்கிவிடும். துல்லியம் விளிம்பில்தான் இருக்கிறது என்பதால் அது நஷ்டம். வெளியரங்கில் 0.040, மேகமூட்டத்திலும் உள்ளரங்கிலும் 0.060 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சைட்டில் இரண்டையும் மாற்றிப் போட முடியாது, துளை ஒன்றுக்குத்தான் பொருந்தும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.040.

பகலில் கண் மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சையை. அதனால் ஒரே வெளிச்சத்தில் பச்சைக் கம்பி சிவப்பைவிடப் பளிச்சென்று தெரியும், வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் கறுக்கும். ஆனால் பின்னணியில் புல்மேடும் மரங்களும் இருந்தால் பச்சை அதில் கரைந்துவிடும், சிவப்புதான் தனித்து நிற்கும். சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு ஆண்களுக்கு அதிகம். உங்களுக்கு அது உண்டென்றால் யார் பரிந்துரையையும் கேட்காமல் இரண்டு நிறத்தையும் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பி சில டாலர்தான்.

பின் சைட் வெறும் கறுப்பாக இருக்கட்டும். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என மூன்று ஃபைபர் புள்ளிகள் உள்ள செட் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும். சுடும்போது கண் மூன்றையும் வரிசைப்படுத்தப் பார்க்கும், முன் புள்ளிக்குக் கிடைத்த முன்னுரிமை போய்விடும். காடியின் அகலம் பிளேடைவிடக் கொஞ்சம் தாராளமாக, 0.140 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இரு பக்கமும் வெளிச்சக் கீற்று தெளிவாகத் தெரியும்.

பேட்டரியில்லாமல் வேறு வகைகளும் உண்டு. டிரிட்டியம் (இருட்டிலும் ஒளிரவைக்கும் கதிரியக்க வாயு) குப்பியையும் ஃபைபரையும் ஒன்றாக வைத்த ட்ரூக்ளோவின் டி.எஃப்.ஓ. போன்ற சைட்டுகள் பகலில் ஃபைபராகவும் இருட்டில் டிரிட்டியமாகவும் வேலை செய்யும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், அதற்குள் ஒளி பாதியாகிவிடும். இந்த வகையில் கம்பியை நாமே மாற்ற முடியாது. மெப்ரோலைட்டின் எஃப்.டி. புல்ஸ்ஐ பின் சைட்டின் டவ்டெயிலிலேயே (ஸ்லைடில் சைட் நுழைந்து பிடிக்கும் குறுக்கு வெட்டில்) உட்காரும். வளையத்துக்குள் புள்ளி தெரியும், முன் சைட் தேவையில்லை. டிரிஜிகானின் இரட்டை ஒளி ஆர்.எம்.ஆர். உண்மையிலேயே ரெட் டாட் போன்ற கண்ணாடி சைட். புள்ளிக்கு ஒளி தருவது ஃபைபரும் டிரிட்டியமும். புள்ளிகள் பெரியவை, 7, 9 எம்.ஓ.ஏ. அளவில். அதன் பலவீனம் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: நீங்கள் இருண்ட அறையிலும் இலக்கு வெயிலிலும் இருந்தால் புள்ளி கரைந்தே போகும். சாதாரண ஃபைபர் பிளேடு இதே இடத்தில் கறுப்பாகவாவது தெரியும். கண்ணாடியில் கரைந்த புள்ளிக்கு அந்த வசதி இல்லை.

பொருத்துவது

மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். கிளாக் வகை பிஸ்டலைப் பிரிக்க விசையை (டிரிக்கரை) அழுத்தியாக வேண்டும் என்பதால் இந்த ஒழுங்கில் சமரசம் வேண்டாம். குழாய் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். ஸ்லைடைக் கழற்றி பேரலையும் (குழாயையும்) ஸ்ப்ரிங்கையும் எடுத்து வையுங்கள்.

கிளாக் முன் சைட் ஸ்லைடுக்கு உள்ளிருந்து ஒரு சிறு அறுகோணத் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். தேவை 3/16 அங்குல நட் டிரைவர். ஆனால் சாதாரண சாக்கெட்டின் சுவர் தடித்தது, அந்த இடுக்கில் நுழையாது. கிளாக் முன் சைட்டுக்கென்றே மெல்லிய சுவரோடு விற்கும் கருவியை வாங்கிவிடுங்கள். பழைய சைட்டைக் கழற்றியதும் ஸ்லைடின் துளையையும் புதிய திருகையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள்.

புதிய சைட்டில் கம்பி முன்கூட்டியே போட்டிருந்தால் இந்த இடத்தில் வெளியே எடுத்துவிடுவது நல்லது. திருகு தளராமலிருக்க வைக்கும் நீல நிறப் பசையான லாக்டைட், 242 ஆனாலும் 243 ஆனாலும், பாலிஸ்டைரீனில் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். சில நாள் கழித்துக் கம்பி தானாக ஒடியும், காரணம் தெரியாமல் திகைப்போம். திருகின் நுனி மரையில் ஒரு சிறு துளி போதும். திருகை முடுக்கும்போது சைட்டும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். பிளேடை விரலால் ஸ்லைடின் நடுக்கோட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கடைசிக் கால் சுற்றைக் கொடுங்கள். இறுக்கம் விரல் பலத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பொடித் திருகு, பலம் காட்டினால் தலை கழன்று வந்துவிடும். பிறகு பேரலையும் ஸ்ப்ரிங்கையும் வைத்து ஸ்லைடை ஓட்டிப் பாருங்கள். திருகுத் தலை துருத்திக்கொண்டு எங்காவது உரசினால் பளபளப்பான கீறல் தெரியும். லாக்டைட் முழுதாக இறுக 24 மணி நேரம் விடுங்கள்.

1911 மாடல் பிஸ்டல் போன்றவற்றில் முன் சைட்டும் டவ்டெயிலில் இருக்கும், சிலவற்றில் குறுக்கே ஒரு ரோல் பின்னும் (சிறு இரும்பு ஊசி) இருக்கும். டவ்டெயில் சைட்டை விரலால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு தூரம் உள்ளே போக வேண்டும், மிச்சத்துக்குத்தான் கருவி. விரலுக்கே முழுதும் போனால் தளர்வு. நுனிகூட நுழையவில்லை என்றால் சைட்டின் அடியை அரம் கொண்டு இரண்டு மூன்று இழுப்பாகத் தேய்த்துத் தேய்த்துப் பாருங்கள். அரத்தை ஸ்லைடில் மட்டும் வைக்காதீர்கள். சைட்டைக் கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம், ஸ்லைடில் வெட்டு பெரிதானால் எந்த சைட்டும் நிற்காது. பின் சைட்டை நகர்த்த, திருகி அழுத்தும் சைட் புஷர் கருவி நல்லது. பித்தளைத் தட்டுக்கோலும் (பஞ்ச்) சுத்தியலும் வேலை செய்யும், ஆனால் சிறிது நகர்த்த நினைத்தால் நிறைய நகர்ந்துவிடும். தொடங்கும் முன் சைட்டிலும் ஸ்லைடிலும் சேர்த்து ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, கூர்மையான பென்சிலால் ஒரே கோடு இழுத்து, நடுவில் வெட்டிவிடுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று அந்தக் கோடு காட்டும்.

புள்ளியைத் துரத்தினால் மேலே போகும்

ஃபைபருக்கு மாறியவர்கள் சொல்லும் முதல் புகார், குண்டு மேலே போகிறது என்பது. சைட்டின் மேல் பழி போட்டு உயரமான முன் சைட் வாங்குவதற்கு முன் கண் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

0.060 கம்பி, அதற்கு மேலே 0.020 அங்குலம் இரும்பு. ஆக, புள்ளியின் மையம் பிளேடின் மேல்விளிம்பிலிருந்து 0.050 அங்குலம் கீழே இருக்கிறது. குண்டு போகும் இடம், முன் பிளேடின் மேல்விளிம்பும் பின் சைட்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்போது அந்த மேல்விளிம்பு தொடும் இடம். இதை மறந்து புள்ளியை மட்டும் பார்ப்பவர் இரண்டு விதமாகத் தவறுவார்.

முதல் விதம்: விளிம்புகளைச் சரியாக வைத்துக்கொண்டு, ஆனால் இலக்கின் நடுவைப் புள்ளியால் மூடுகிறார். கண்ணிலிருந்து 30 அங்குலத்தில் 0.050 என்றால் 25 யார்டில் ஒன்றரை அங்குலம், 7 யார்டில் அரை அங்குலத்துக்கும் குறைவு. குண்டு அவ்வளவு மேலே விழும். இதோடு வாழலாம்.

இரண்டாம் விதம்தான் ஆபத்து: புள்ளியின் மையத்தைப் பின் சைட்டின் மேல்விளிம்புக்கு இணையாக உயர்த்திவிடுகிறார். இப்போது முன் சைட் பின் சைட்டுக்கு மேலே 0.050 அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிளாக் 17-இல் இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரம் 6.5 அங்குலம். 25 யார்ட் என்பது 900 அங்குலம். 0.050-ஐ 6.5-ஆல் வகுத்து 900-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 7 அங்குலம். 7 யார்டிலேயே 2 அங்குலம் மேலே. வெயிலில் கம்பி பளிச்சென்று இருக்கும்போதுதான் இது நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் கண் விளிம்பை விட்டுவிட்டுப் புள்ளியோடு போகிறது. உள்ளரங்கில் நன்றாகச் சுட்டவர் வெளியே வந்தால் மேலே மேலே சுடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மருந்து எளிது. 7 யார்டுக்குள் பெரிய இலக்கென்றால் புள்ளி காடிக்குள் இருந்தாலே சுடலாம். 10 யார்டைத் தாண்டினால் அல்லது இலக்கு சிறியதென்றால் புள்ளி இருப்பதை மறந்து மேல்விளிம்புகளைச் சேருங்கள். தோட்டா இல்லாத பிஸ்டலை வைத்து, சுவரில் ஒட்டிய காகிதத்தின் மேல்விளிம்பில் முன் சைட்டின் மேல்விளிம்பைப் பதித்துப் பழகினால் சில நாளில் கண் பிடித்துக்கொள்ளும்.

ஜீரோ செய்வது

குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்வதுதான் ஜீரோ. எந்தத் தோட்டாவைத் தொடர்ந்து சுடப்போகிறீர்களோ அதையே பயன்படுத்துங்கள். 9 மி.மீ.யில் 147 கிரெய்ன் எடையுள்ள குண்டு பொதுவாக 115 கிரெய்னைவிட உயரத்தில் விழும். மெதுவாகப் போகும் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன் உதைப்பு குழாயைச் சற்று அதிகம் தூக்கிவிடுகிறது. ஒன்றுக்கு ஜீரோ செய்து மற்றொன்றைச் சுட்டுவிட்டு சைட்டைக் குறை சொல்லக் கூடாது.

கையை மணல் பையில் தாங்கி, மெதுவாக ஐந்து ஐந்தாக மூன்று குழு சுடுங்கள். தனிக் குண்டுகளை விட்டுவிட்டுக் குழுவின் நடுவைக் குறியுங்கள். வலது கைக்காரருக்குக் குழு இடது கீழ்ப்பக்கம் விழுந்தால் அது விசையை வெடுக்கென்று இழுப்பதன் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவர் அதே பிஸ்டலில் ஒரு குழு சுட்டுப் பார்க்கட்டும். அவருக்கும் அதே இடத்தில் விழுந்தால் மட்டும் சைட்டில் கை வையுங்கள்.

பக்கவாட்டுக்குப் பின் சைட்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். உயரத்துக்கு முன் சைட்: குண்டு மேலே போக வேண்டுமென்றால் முன் சைட் குட்டையாக வேண்டும், கீழே போக வேண்டுமென்றால் உயரமாக வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு: சைட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பிழையால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். கிளாக் 17 ஒன்று 25 யார்டில் 4 அங்குலம் கீழே சுடுகிறது என்றால், 6.5 × 4 ÷ 900 = 0.029 அங்குலம். இப்போது இருக்கும் முன் சைட் 0.215 என்றால் தேவை 0.186, கடையில் கிடைக்கும் 0.185 போதும். உயரங்கள் இப்படிச் சில ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளிகளில் விற்கப்படுகின்றன. ஊகித்து இரண்டு மூன்று வாங்குவதைவிட முதலில் வெர்னியரால் அளந்து கணக்குப் போட்டு ஒன்று வாங்குவது மலிவு.

பிளேடின் மேலே அரம் போட்டுக் குறைப்பது முன்பெல்லாம் வழக்கம். ஃபைபர் சைட்டில் அதற்கு இடம் குறைவு. கம்பிக்கு மேலே இருப்பதே 0.020 அங்குலம்தான், அதில் பாதி போனால் துளையின் கூரை பிளந்துகொள்ளும்.

கம்பி மாற்றுவது

ஃபைபர் சைட் வைத்திருப்பவர் கட்டாயம் கற்க வேண்டிய வேலை இது. கம்பி உடையும், அது குறையல்ல, தேய்மானம். ஐந்து நிமிட வேலை. தேவை: சரியான தடிமனில் கம்பி, ஒரு நெயில் கட்டர் அல்லது பிளாஸ்டிக் வெட்டும் சிறு கட்டர், ஒரு கேஸ் லைட்டர் அல்லது சால்டரிங் அயர்ன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வெட்டிய துண்டு தெறித்துப் போகும் வேகம் வியப்பாக இருக்கும், அதனால்தான் கண்ணாடி.

ஸ்லைடைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பழைய கம்பியின் ஒரு தலையை வெட்டிவிட்டு மறுபக்கம் தள்ளினால் வந்துவிடும். துளைக்குள் ஒடிந்த துண்டு மாட்டியிருந்தால் அதே அளவு துரப்பணத் தண்டை விரலால் சுழற்றித் தள்ளுங்கள், இயந்திரத்தில் மாட்டாதீர்கள். துளையைப் பல்குத்தியும் ஆல்கஹாலும் கொண்டு சுத்தம் செய்து உலர விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் கம்பி நழுவிச் சுழலும்.

புதிய கம்பியின் முனையைக் குறுக்கே நேராக வெட்டுங்கள். சாய்ந்து வெட்டினால் தலை ஒரு பக்கமாக உருகும், புள்ளி நீள்வட்டமாகத் தெரியும். இப்போது முனையைச் சுடரின் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள், சுடருக்குள் அல்ல. மஞ்சள் நுனி கரி படியவைக்கும், கரி படிந்த முனை ஒளியை வெளியே விடாது. சுடரின் அடியில் நீலமாக இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில், 3 அல்லது 4 மி.மீ. தள்ளிப் பிடித்தால் ஒன்றிரண்டு விநாடியில் முனை உருளும். முதலில் வெட்டுத் தழும்பு மறைந்து பளபளக்கும், அடுத்து விளிம்பு உருண்டு காளான் தலை போல விரியும். தலை கம்பியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமானதும் எடுத்துவிடுங்கள். குமிழி வந்தால் சூடு அதிகம், வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். தீப்பிடித்தால் ஊதாதீர்கள். சொட்டும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

இந்த முதல் தலைதான் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவது. கையில் வைத்து நிதானமாகச் செய்ய முடிவதால் அழகாக வரும் தலை சுடுபவர் பக்கம் இருக்கட்டும். தலை ஆறியதும் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு, தலை சைட்டில் போய் உட்காரும்வரை இழுங்கள். முன்பக்கம் வெளியே நீட்டிய கம்பியை 1 முதல் 1.5 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டுங்கள். அதைவிடக் குறைந்தால் தலை உருவாகப் பொருள் போதாது, அதிகமானால் தலை கனத்துத் துருத்தும், ஹோல்ஸ்டரில் முதலில் மாட்டுவது அதுதான்.

முன்பக்க முனையை உருக்கும்போது பின் தலையை விரல் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே சால்டரிங் அயர்ன் லைட்டரைவிட நல்லது. சூடான நுனியைத் தொடாமல், பக்கத்தில் மட்டும் காட்டினால் போதும், ஸ்லைடின் மேல்பூச்சும் தப்பிக்கும். லைட்டர்தான் இருக்கிறதென்றால் ஸ்லைடில் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுச் செய்யுங்கள். முனை விரிந்து சைட்டைத் தொட்டதும் சூட்டை எடுத்துவிட்டு, குளிர்ந்த உலோகப் பரப்பு ஒன்றால் லேசாக அழுத்தினால் தலை தட்டையாகி இறுகும். கடைசியாகக் கம்பியின் நடுவை விரலால் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் மயிரிழைக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் முன் தலைக்கு இன்னும் ஒரு விநாடி சூடு காட்டுங்கள்.

சூப்பர் குளூ வேண்டாம். ஆவி கம்பியின் மேல் வெள்ளையாகப் படியும், பசை பாலிஸ்டைரீனை நொறுங்கவைக்கும், அடுத்த முறை ஒடிந்த துண்டை எடுக்கத் துரப்பணம்தான் தேவைப்படும். இரண்டு தலையும் சரியாக இருந்தால் பசைக்கு வேலையே இல்லை.

எது கெடுக்கும்

துப்புரவுத் திரவங்கள்தான் முதல் எதிரி. பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர், அசிட்டோன் இவை பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஸ்லைடின் மேல் பிரேக் கிளீனரை அடித்துவிட்டுத் திரும்பினால் கம்பி பால் போல வெளுத்திருக்கும். சேம்பரைச் சுத்தம் செய்யும்போது சைட்டில் ஒரு டேப் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கம்பியில் படிந்த புகைக் கரியைத் துடைக்க ஈரத் துணியும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் போதும். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஸ்லைடைப் போடுபவர்கள் கம்பியைக் கழற்றிவிட்டுப் போடுவது நல்லது. சூட்டிலும் அதிர்விலும் தலைகள் தளரும்.

சாயம் வெயிலில் வெளிறும். டாஷ்போர்டிலோ சன்னலோரமோ நிரந்தரமாகக் கிடந்த சைட்டின் நிறம் மங்கியிருந்தால் கம்பியை மாற்றுவதே வழி, மெருகேற்றிப் பயனில்லை. திடீரென்று பாதி ஒளிதான் வருகிறது என்றால் கம்பியின் நடுவில் குறுக்கு விரிசல் இருக்கும். வெயிலில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் விரிசல் இருக்கும் இடமே தனியாக ஒளிரும், முனைக்குப் போக வேண்டிய ஒளி அங்கே கசிகிறது. அப்படித் தெரிந்தால் அடுத்த போட்டிக்கு முன் மாற்றிவிடுங்கள், முனை எந்த நேரமும் பறக்கலாம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் சைட் மங்கலாகத் தெரிவதற்காக ஃபைபர் வாங்கினால், மங்கலான சைட்டில் மங்கலான ஒளிப்புள்ளி கிடைக்கும். கண்ணின் குவியம் மாறாது. 30 அங்குலம் என்பது 0.76 மீட்டர், அந்தத் தூரத்தைத் தெளிவாகக் காட்டச் சுமார் 1.3 டயாப்டர் (லென்ஸ் பவர்) கூடுதல் வேண்டும். கண் மருத்துவரிடம் கண்ணிலிருந்து முன் சைட் வரையுள்ள தூரத்தை அளந்து சொன்னால், குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும் அதற்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடி செய்யலாம். இலக்கு ரொம்ப மங்கக் கூடாது என்பதற்காக +0.75-இல் நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. இதற்கும் மேல் சைட் தெளியவில்லை என்றால் ஸ்லைடை மில்லிங்குக்கு அனுப்புங்கள். அந்தக் கண்ணுக்கு ரெட் டாட்தான் சரி.

ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையில் இரண்டு அங்குலக் கம்பி நாலைந்து துண்டு, நெயில் கட்டர், லைட்டர் இவற்றைக் குட்டி டப்பாவில் போட்டு வைத்திருங்கள். கம்பித் துண்டுகளை ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டு இரு பக்கமும் டேப் ஒட்டினால் ஒடியாது. சுடும் வரிசையில் நின்றுகொண்டு மாற்றக் கூடாது. பெரும்பாலான போட்டிகளில் அதற்கென ஒதுக்கிய பாதுகாப்பு மேசை இருக்கும், துப்பாக்கியைப் பையிலிருந்து எடுப்பது அங்கே மட்டுமே, தோட்டா ஒன்றுகூட அந்த மேசைக்குப் போகக் கூடாது.